பாப்பாவுக்கு அவசரம்

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் இவர்கள். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் பெரியப்பா. நடு சீட்டில் ஒரு ஜன்னலோரம் பெரியம்மா, இன்னொரு ஜன்னலோரம் நான், இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா. பின்னால் குறுக்கு சீட்டில் ஜமுக்காளத்தோடும் தண்ணீர்க் கேனோடும் அப்பா. டிரைவரைச் சேர்த்தால் ஆறு பேர்.

அம்மா வயிற்றில் இருந்ததை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது எனக்குத் தெரியாது. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் தெரியாது. அப்பாவுக்கு மட்டும் தெரியும். எங்கள் பக்கத்தில் மூன்று மாதம் முடிகிறவரை வெளியில் மூச்சு விட மாட்டார்கள். எனக்கு அப்புறம் இரண்டு தடவை உண்டாகி, சந்தோஷத்தில் ஊரெல்லாம் சொல்லி, இரண்டும் தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை அம்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்ததாம். இதையெல்லாம் எனக்குக் கல்யாணமாகி நானே பிள்ளை உண்டானபோதுதான் அம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது.

பெரியப்பா மயிலாடுதுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். வருஷத்துக்கு ஒரு தடவை, சம்பா அறுவடை முடிந்ததும், தன் பங்கு நிலத்து நெல்லைப் பார்க்க எங்கள் ஊருக்கு வருவார். கீழ்வேளூரிலிருந்து உள்ளே போகிற ஊர் எங்களுடையது. நிலத்தைப் பார்த்துக்கொள்வது அப்பா, வந்து பார்ப்பது பெரியப்பா. அந்த வருஷம் வாடகைக்கு ஒரு வண்டி பிடித்து வந்திருந்தார். திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நாளைக்கு எல்லாரும் தரங்கம்பாடி போறோம். இவ்வளவு பக்கத்துல இருந்துகிட்டு அந்தக் கோட்டையைப் பாக்காம இருக்கறது பாவம்" என்றார். வரும்போது காரைக்காலில் பிரியாணி என்றும் சொன்னார். எனக்குக் கோட்டை காதில் விழவில்லை. பிரியாணி விழுந்தது.

அம்மா, "நான் வரலக்கா, மாடு ஒண்ணு சினையா இருக்கு" என்று பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"மாட்டைப் பக்கத்து வீட்டுல பாத்துக்குவாங்க. வருஷத்துக்கு ஒரு நாள் கூப்புடுறாரு, மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத."

அதற்கு மேல் மறுக்க ஒரு காரணம்தான் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்ல இன்னும் பதினோரு நாள் இருந்தது.

வெளியூர் போவதென்றால் எங்கள் வீட்டுப் பெண்கள் முதல் நாள் ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அம்மா காலையில் அரை டம்ளர் காப்பியோடு ஏறினாள். ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின் சீட்டிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "மெதுவாப் போப்பா." பள்ளம் வந்தால், "பாத்துப்பா, மெதுவா." நாகப்பட்டினம் தாண்டுவதற்குள் பத்து தடவை சொல்லியிருப்பார்.

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். "ஏண்டா, வண்டியில முட்டையா ஏத்தியிருக்கோம்? இதுக்கு டிராக்டர்லயே வந்திருக்கலாம்."

டிரைவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அண்ணன் பேசினால் அவர் பேசுகிறவர் இல்லை.

காரைக்கால் தாண்டும்போதே அம்மாவுக்கு இடுப்பு கடுக்க ஆரம்பித்துவிட்டதாம். தரங்கம்பாடியில் இறங்கி நிற்கும்போது ஈரமாக ஏதோ தெரிந்திருக்கிறது. வேர்வையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். பார்ப்பதற்கு ஒரு கதவும் அதற்கு ஒரு தாழ்ப்பாளும் வேண்டும். அந்த ஊரில் அன்றைக்கு அம்மா தேடியது அவ்வளவுதான்.

பெரியப்பா வளைவு வாசலில் ஆரம்பித்துவிட்டார். டென்மார்க்காரன் எங்கே இருக்கிறான், ஏன் இவ்வளவு தூரம் மிளகுக்கு வந்தான், கோட்டைக்கு எப்படி இடம் வாங்கினான் என்று ஒவ்வொரு பழைய வீட்டுக்கும் நின்று நின்று சொன்னார். அப்பா இரண்டடி பின்னால் நின்று தலையாட்டினார். தெரு நேராகக் கடலுக்குப் போயிற்று. வெயில் மஞ்சள் சுவர்களில் பட்டுக் கண் கூசியது. அம்மா பெரியம்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, இங்க எங்கயாச்சும் பாத்ரூம் இருக்குமா?"

"யாருக்கு, பாப்பாவுக்கா?"

அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "ஆமாக்கா."

அந்தப் பொய்யை அம்மா தானாகச் சொல்லவில்லை. பெரியம்மா நீட்டினாள், அம்மா வாங்கிக்கொண்டாள். ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். பஸ்ஸை நிறுத்த வேண்டுமா, கல்யாண மண்டபத்தில் வழி கேட்க வேண்டுமா, இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தால் போதும். பிள்ளைக்கு வந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்றைக்கு என் மகளை வைத்து நானும் செய்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு இந்த ஏற்பாடு தெரியாது. எனக்கு ஒன்றும் வரவில்லை. கிளம்பும்போதே போய்விட்டுத்தான் வந்திருந்தேன்.

பெரியம்மா சத்தமாகச் சொன்னாள். "ஏங்க, பாப்பாவுக்கு அவசரமாம்."

பெரியப்பா பேச்சை நிறுத்தாமலே கையைக் காட்டினார். "சின்னப் புள்ளதானே, அந்தச் செவுத்தோரமா உக்கார வைம்மா."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். புருஷனுக்கு அண்ணன், மூத்தார்; அவரை அவள் நேராகப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. "இல்ல மாமா, அவளுக்கு வயிறு சரியில்லையாம்."

டிரைவர் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்துகிற மாதிரி காட்டினார். நாலாம் வகுப்பில் முதல் ராங்க் வாங்குகிற பெண் நான். அந்த அவமானம் உள்ளங்கால்வரை இறங்கிற்று.

"சரி, கூட்டிட்டுப் போ. நாங்க கோட்டையில இருக்கோம்" என்றார் பெரியப்பா. அப்பா எங்களோடு வர ஓரடி எடுத்து வைத்தார். "நீ எங்கடா போற? பொம்பளைங்க பாத்துக்குவாங்க. இங்க பாரு, இந்தக் கல்வெட்ட..." அப்பா நின்றுவிட்டார்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கட்டணக் கழிப்பிடம் இருந்தது. சுவரில் ஒரு பெண் படம், ஒரு ஆண் படம். இரண்டு கதவிலும் பூட்டு. எதிர் டீக்கடைக்காரர், "சாவி வச்சிருக்கற அம்மா காதுகுத்துக்குப் போயிருக்கு, சாயங்காலந்தான் வரும்" என்றார். அம்மா நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்குத்தானே? பின்னாடி கருவக்காடு இருக்கு, போங்க" என்றார். பின்னால் போனோம். கருவை மர நிழலில் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மரியாதையாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மற்ற மூன்று பேருக்கும் ஆட்டம் முக்கியமாக இருந்தது. அம்மா திரும்பிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வரலம்மா" என்றேன்.

"தெரியும். பேசாம வா."

அம்மா கை ஜில்லென்று இருந்தது. அவள் நடையும் மாறியிருந்தது. களத்துமேட்டில் நெல் மூட்டைக்குக் கீழே நடக்கிறவர்கள் மாதிரி, முட்டியை அகட்டாமல், சின்னச் சின்ன அடியாக நடந்தாள். புடவைத் தலைப்பை முதுகுப் பக்கமாகச் சுற்றி முன்னால் இழுத்துச் செருகிக்கொண்டாள். எனக்கு அது புரியவில்லை. கோட்டைக்குப் போகிற வழியில் பஞ்சு மிட்டாய் விற்கிறவன் ஒருத்தன் நின்றான், அவனைத் தவறவிடுகிறோமே என்றுதான் இருந்தது.

ஒரு தெருவில் கம்பி கேட் போட்ட வீடு. வாசலில் வயதான அம்மா ஒருவர் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கேட்டுக்கு வெளியே நின்று, "அம்மா, வெளியூருங்க. புள்ளைக்கு வயித்துல அவசரம், கொஞ்சம் உங்க பாத்ரூம்..." என்று இழுத்தாள்.

அந்த அம்மா நல்லவர்தான். உடனே எழுந்து வந்து கேட்டைத் திறந்தார். என் தாடையைத் தொட்டார். "அடடா, மூஞ்சி வாடிப் போச்சே. வா கண்ணு, நான் கூட்டிட்டுப் போறேன்." என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம், "நீங்க இப்புடியே நில்லுங்க, உள்ள மருமவ குளிச்சிட்டு வருது" என்றார்.

அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "நானும் வரேங்க. அவ தனியாப் போவ மாட்டா."

அங்கேதான் நான் பேசினேன். வாடாத மூஞ்சியை வாடியது என்கிறார்கள், தனியாகப் போகிற பெண்ணைப் போக மாட்டாள் என்கிறார்கள். டிரைவரும் டீக்கடைக்காரரும் சீட்டாடுகிறவர்களும் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டார்கள். நான் கையை உருவிக்கொண்டு சொன்னேன். "நான் தனியாத்தான் போவேன். எனக்கு ஒண்ணும் வரவே இல்ல. எங்கம்மா பொய் சொல்லுது."

பள்ளிக்கூடத்தில் உண்மை பேசச் சொல்லியிருந்தார்கள். அதைச் சரியாகச் செய்த நாள் அது.

அந்த அம்மாவின் முகம் மாறியது. எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "போன மாசம் இப்புடித்தான் ஒருத்தி புள்ளையோட வந்தா. போறப்ப கொடியில கெடந்த புடவையக் காணும்." கேட் சாத்திக்கொண்டது. கத்தவில்லை, திட்டவில்லை. கொண்டியை மட்டும் போட்டார்.

அம்மா என்னை அடிப்பாள் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் அடிக்கவில்லை. "போவோம்" என்றாள். பத்து அடி போனதும் ஒரு சுவரில் கை ஊன்றி நின்றாள். அப்போதுதான் பார்த்தேன். சுற்றி இழுத்திருந்த தலைப்பையும் தாண்டிப் பின்னால் புடவையில் சிவப்பாகக் கறை, உள்ளங்கை அகலத்துக்கு. எங்கேயோ ஆணியில் கிழித்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏ தங்கச்சி, நில்லு. திரும்பாத."

தலையில் மீன் கூடையோடு ஒரு பெண். அம்மாவைவிடப் பெரியவள். கூடையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவின் முதுகோடு ஒட்டி நின்றாள். "இப்ப நட. நான் பின்னாலயே வரேன். எவனும் பாக்க மாட்டான்." அப்படியே நடந்தோம். முன்னால் அம்மா, அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு அந்தப் பெண், கூடையிலிருந்து சொட்டுகிற மீன் தண்ணீரை மிதித்துக்கொண்டு நான். எதிரில் ஒருவன், "என்னக்கா, ரயில் விடுற?" என்று கேட்டான். "ஆமாடா, நீ டிக்கெட் எடு" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் போனாள்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் வரிசையாக இருந்தன. அவள் வீட்டுக் கொல்லையில் கக்கூஸ் ஒன்று இருந்தது. அதற்குள் வலையும் மிதப்புக் கட்டையும் கூரைவரை அடைந்து கிடந்தன. "நாங்க இதுக்குள்ள போறதில்ல. வலைக்காவது ஒதுங்க எடம் இருக்கட்டுமேன்னு போட்டு வச்சிருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டாள். அம்மா அதற்குள் கீழே உட்கார்ந்துவிட்டாள். ஒரு குடம் தண்ணீரை உள்ளே வைத்து, அம்மாவைத் தூக்கிவிட்டு, கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் இல்லை. கதவில் முதுகைக் கொடுத்து அவளே உட்கார்ந்துகொண்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

"எத்தன மாசம்?"

"மூணு முடியல."

"வீட்டுக்காரரு எங்க?"

"கோட்டையில."

"ஆள் அனுப்பிக் கூப்புடவா?"

"வேண்டாங்க. மூத்தாரு கூட இருக்காங்க."

"மூத்தாரு இருந்தா ரத்தம் நின்னுருமா?"

உள்ளே அம்மா அழுகிற சத்தம் மாதிரி கேட்டது. பிறகு குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நிறைய நேரம் கேட்டது.

அந்தப் பெண் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பணம் எடுத்து என் கையில் வைத்தாள். "தெருமுனையில மருந்துக்கடை இருக்கு. நாப்கின் பாக்கெட்டுன்னு கேளு, குடுப்பாங்க. ஓடிப் போய் ஓடியா." போனேன். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் கறுப்புப் பையும் போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்தபோது அவள் தன் புடவை ஒன்றையும் பாவாடையையும் கதவு இடுக்கு வழியாக உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

அம்மா வெளியே வந்தபோது வேறு யாரோ மாதிரி இருந்தாள். ஆரஞ்சும் பச்சையுமாகப் பூப்போட்ட வழவழப்பான புடவை, மீன் வாடை. "நேரா ஆஸ்பத்திரிக்குப் போ தங்கச்சி" என்றாள் அந்தப் பெண். "ஊருக்குப் போய்ப் போயிடுறேங்க" என்றாள் அம்மா. பர்ஸ் வண்டியில் இருந்தது. "காசும் புடவையும் குடுத்து அனுப்புறேன்" என்றாள். "அடுத்த தடவ வரப்பக் குடு" என்று சொல்லிவிட்டு அவள் வலையை மறுபடி உள்ளே தள்ள ஆரம்பித்தாள். பெயர் என்ன என்று அம்மா கேட்கவில்லை.

கோட்டை வாசலில் எல்லோரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். பெரியம்மா புடவையைப் பார்த்தாள். "என்னடி இது கோலம்?"

"பாப்பா தாங்கலக்கா. என் மேலயே போயிட்டா. ஒரு வீட்டுல புடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அதில். ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது. என்ன கேட்கிறாள் என்று தெரியாமலே நான் மூடிக்கொண்டேன்.

டிரைவர் என் சீட்டில் இரண்டு பேப்பரை விரித்தார். "இந்த நேரத்துல இவளுக்குப் பிரியாணி ஆகாது" என்று பெரியப்பா முடிவு செய்தார். காரைக்காலில் அவர்கள் ஹோட்டலுக்குள் போனார்கள். எனக்கு வண்டிக்கே மோர் வந்தது, உப்புப் போட்டு. பக்கத்தில் அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பின் சீட்டிலிருந்து அப்பா இறங்கவே இல்லை. அவர் அந்தப் புடவையைப் பார்த்ததோடு சரி. மற்றவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு ஏறியதும் அவர் குரல் வந்தது.

"சீக்கிரம் போப்பா."

"போறப்ப மெதுவாங்குற, வரப்ப சீக்கிரங்குற" என்று பெரியப்பா சிரித்தார். "புள்ளைக்கு மறுபடி வந்துருமோன்னு பயமாடா?"

"ஆமாண்ணே" என்றார் அப்பா.

நான் பிரியாணிக்காக வழியெல்லாம் அழுதேன். வயிற்றுவலியில் அழுகிறேன் என்று பெரியம்மா தலையைத் தடவினாள். மறுநாள் அவர்கள் கிளம்பிப் போன பிறகு அப்பா அம்மாவை நாகப்பட்டினத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்து வந்தார்கள். மாடு எட்டி உதைத்துவிட்டது என்று எனக்குச் சொன்னார்கள். அதனால் மாட்டின் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. அம்மாவுக்கு அதற்கப்புறம் பிள்ளை இல்லை.

எனக்கு எதையும் மனசில் போட்டு உருட்டுகிற புத்தி. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள், எனக்கு என்ன தெரியும் என்று எங்கள் ஊருக்கு வருகிற நர்ஸம்மாவிடமே கேட்டேன். அந்தக் கேட்டை அன்றைக்கு நான் சாத்த வைக்காமல் இருந்திருந்தால்? "தங்காதது எங்க இருந்தாலும் தங்காதும்மா, கக்கூசுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். சரி என்று வந்துவிட்டேன். வந்து மறுபடி கணக்குப் போடுகிறேன். அந்த வீட்டிலிருந்து மீன்காரப் பெண் வீட்டுக்குக் கால் மணி நேரமாவது நடந்திருப்போம்.

அந்தப் புடவையை அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் யார் போனாலும் கொடுத்தனுப்ப நினைப்பாள். பெயர் தெரியாமல் எந்த வீடு என்று சொல்லி அனுப்புவது? "இருவத்தெட்டு ரூவா பாக்கெட்டு, அட்டையிலயே போட்டிருந்துச்சு. அதுவும் பாக்கி நிக்கிது" என்பாள். அந்தக் கணக்கை நான் திருத்துவதில்லை. அன்றைக்கு மீன்காரப் பெண் என்னிடம் கொடுத்தது மூன்று பத்து ரூபாய் நோட்டு. கடைக்காரர் திருப்பிக் கொடுத்த இரண்டு ரூபாய்க்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் தேன்மிட்டாய் வாங்கினேன். வழியில் தின்றால் கேட்பார்கள் என்று, ஒரு கொடுக்காப்புளி மரத்தடியில் கறுப்புப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சப்பி, எல்லாம் தீர்ந்து, உதட்டைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் போனேன். அம்மா கணக்கில் பாக்கி நிற்க வேண்டியது முப்பது ரூபாய்.